கை கால் சில்லிட்டுப் போன பிள்ளை: ஐ.சி.யூ. வாசலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றில் பல வருடமாக நர்ஸாக இருக்கிறேன். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி, நத்தம் பக்கமிருந்தெல்லாம் பிள்ளைகள் வருவார்கள். உள்ளே அம்மாவை மட்டும்தான் விடுவோம். வெளியே பெஞ்சில் அப்பத்தா, அம்மாச்சி, தாய்மாமன் என்று ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கும். நான் டூட்டி முடிந்து வெளியே வந்தால் பிடித்துக்கொள்வார்கள். கேள்விகள் மட்டும் மாறுவதே இல்லை. அவர்கள் கேட்டபடியே எழுதி, என் பதிலையும் வைத்திருக்கிறேன். மருந்தின் அளவு, நேரம் எல்லாம் அந்தந்தப் பிள்ளையைப் பார்த்து டாக்டர் முடிவு செய்வது. இதை வைத்து யாரும் வீட்டில் வைத்தியம் பார்க்க வேண்டாம்.

"உடம்பு நெருப்பா சுடுது, கை கால் மட்டும் ஜில்லுனு இருக்கு. அது எப்படி சிஸ்டர்?"

பெரியாறு பாசனத்தில் தண்ணீர் குறைந்தால் மேலூர்க் கடைமடைக்குத்தான் முதலில் நிற்கும். உடம்பும் அப்படித்தான். கிருமி ரத்தத்தில் கலந்தாலோ, வயிற்றுப்போக்கில் நீர் வற்றினாலோ, இதயம் சரியாக அடிக்காவிட்டாலோ, இருக்கிற ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கிவிட்டு, கை, கால், தோலுக்குப் போகும் சின்னக் குழாய்களைச் சுருக்கிவிடும். மூன்று கிலோ பச்சைப்பிள்ளைக்கு உடம்பில் உள்ள மொத்த ரத்தமே கால் லிட்டர்தான். அதில் கொஞ்சம் குறைந்தாலும் கடைமடை காய்ந்துபோகும்.

அதனால் சில்லிட்ட கையும் காலும் பெரும்பாலும் கை கால் நோய் இல்லை, நடு உடம்பில் நடப்பதைச் சொல்லும் தகவல். அதைச் சரிசெய்தால் விரல் தானாகச் சூடாகும். விரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளையைத் தவறவிட்டுவிடுவோம்.

"சாதா காய்ச்சல்லயும் கை கால் சில்லிடுதே. எதை வச்சுப் பயப்படுறது?"

நியாயமான கேள்வி. காய்ச்சல் ஏறும்போது குளிர் நடுக்கத்தோடு கை கால் சில்லிடும், ஏறி முடிந்ததும் சூடாகிவிடும். பயப்பட வேண்டியது வேறு. பிள்ளையின் விரல் நுனியையோ நடு நெஞ்சையோ ஐந்து விநாடி அழுத்திப் பிடித்து விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். மூன்றைத் தாண்டினால், கூடவே பிள்ளை துவண்டு கிடந்தால், ஆறு மணி நேரமாக மூத்திரம் போகவில்லை என்றால், நாடி வேகமாகவும் மெலிவாகவும் இருந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். நம் பிள்ளைகளின் மாநிறத்தில் கன்னத்தைப் பார்த்து ஒன்றும் தெரியாது. நகக்கண், உள்ளங்கை, உள்ளங்காலைப் பாருங்கள்.

டெங்குவில் ஒரு சூழ்ச்சி உண்டு. காய்ச்சல் விட்டதும் வீட்டில் நிம்மதியாகிவிடுவார்கள். ஆனால் ஆபத்தே காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாளில்தான், பெரும்பாலும் நாலாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள். "காய்ச்சல் விட்டுருச்சு, கை கால்தான் சில்லுனு இருக்கு" என்று யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

"பொறந்த பிள்ளைக்குக் கையும் காலும் நீலமா இருக்கு. இதயத்துல ஓட்டையா?"

பிறந்து ஒன்றிரண்டு நாள் உள்ளங்கையும் உள்ளங்காலும் நீலம் பாரித்திருப்பது சகஜம். உதடும் நாக்கும் சிவப்பாக இருந்து, பால் குடித்தால் கவலையில்லை. நாக்கு நீலமாக இருந்தால்தான் இதயத்தையோ நுரையீரலையோ நினைக்க வேண்டும். இரண்டு காலில் ஒன்று மட்டும் நீலமாகவோ வெளுத்தோ இருந்தால் அது சகஜம் அல்ல, அப்போதே சொல்லிவிட வேண்டும்.

"தவிட்டு ஒத்தடம் கொடுக்கலாமா? விளக்கெண்ணெய் தேய்ச்சு விட்டா ரத்தம் ஓடுமில்ல?"

வேண்டாம். அப்பத்தாக்கள் கோபித்துக்கொண்டாலும் இதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். ரத்தம் ஓடாத காலுக்குச் சூடு வைத்தால் அந்தச் சதைக்குத் தேவை கூடும், வரத்து கூடாது. பட்டினி கிடப்பவனை வேலை வாங்குவது மாதிரி. சுரணை இல்லாத தோல் சுட்டாலும் பிள்ளை அழாது. ஆக, இருந்த காலும் வெந்துபோகும். வெந்நீர்ப் பையாலும் செங்கல் சூட்டாலும் கொப்புளம் போட்டு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தேய்த்தால் தோல் உரியும், உள்ளே உறைந்த ரத்தம் நகரவும் செய்யும்.

சூடு வேண்டியது உடம்புக்கு. பிறந்த பிள்ளைக்கு 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஆம்புலன்ஸில் வருகிற பச்சைப்பிள்ளை, மே மாத வெயிலிலும் குளிர்ந்துபோய்த்தான் வந்து சேரும், ஈரத்துணியில் சுற்றியிருந்தால். பிள்ளை மூச்சுக்குத் திணறாமல் இருந்தால் தலைக்குக் குல்லா போட்டு, உடம்பைத் துடைத்து, அம்மாவின் நெஞ்சோடு தோல் படும்படி அணைத்து, மேலே போர்வை போடுங்கள். இதற்கு மிஞ்சிய ஒத்தடம் கிடையாது.

"கயித்தை எதுக்கு வெட்டுனீங்க? பாண்டி கோயில்ல கட்டுனது."

சாமி மேல் எனக்கும் பக்தி உண்டு. வெட்டிய கயிற்றைக் குப்பையில் போடவில்லை, உறையில் போட்டு அம்மா கையில் கொடுத்துவிட்டோம். தீவிர நோயில் ரத்தக்குழாய் கசிந்து பிள்ளைக்கு ஊற்றுகிற நீரெல்லாம் தோலுக்கடியில் இறங்கும். காலையில் தளர்வாக இருந்த வசம்பு வளையலும், வெள்ளிக் காப்பும், தண்டையும் சாயங்காலம் சதைக்குள் புதைந்திருக்கும். சில சமயம் காப்பை வெட்ட ஆசாரியைத்தான் தேட வேண்டியிருக்கும். சேர்க்கும்போதே எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் நன்றாக இருக்கும் கைப்பிள்ளை காரணமில்லாமல் வீறிட்டு அழுதால் கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். பிள்ளை பெற்ற தாய்க்கு முடி கொட்டும். அந்த ஒரு முடியோ சாக்ஸின் நூலோ விரலைச் சுற்றி இறுக்கிக்கொள்ளும். வீக்கத்துக்குள் நூல் கண்ணுக்கே தெரியாது.

"வரும்போது கால் நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க லைன் போட்ட பிறகுதான் நீலமாச்சு. மறைக்காம சொல்லுங்க."

மறைக்க ஒன்றுமில்லை. அப்படி நடக்கும். ஐ.சி.யூ.வில் ஒரு பிள்ளையின் ஒரு கால் மட்டும் கெட்டால் நாங்களே முதலில் சந்தேகிப்பது ஆர்ட்டீரியல் லைனைத்தான். ரத்த அழுத்தத்தை விநாடிக்கு விநாடி பார்க்கவும், குத்திக் குத்தி ரத்தம் எடுக்காமல் இருக்கவும் தமனியில் ஒரு மெல்லிய குழாய் போடுகிறோம். பச்சைப்பிள்ளையின் மணிக்கட்டுத் தமனி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். குழாய் உள்ளே போனாலே பாதி இடம் போய்விடும். தமனி பயந்து சுருங்கும், அல்லது குழாயைச் சுற்றி ரத்தம் உறையும். பிறந்த பிள்ளைக்குத் தொப்புள் கொடியில் இரண்டு தமனியும் ஒரு சிரையும் இருக்கும். அந்தத் தமனி வழியாகக் குழாயைப் பெருந்தமனி வரை கொண்டுபோவோம். குழாயின் நுனி நெஞ்சுப் பகுதி முள்ளெலும்புகளில் ஆறாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் இடையில் நிற்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்ப்போம். கீழே இடுப்பு முள்ளெலும்புப் பக்கம் நிறுத்துவதைவிட மேலே நிறுத்தினால் காலுக்கு வரும் தொல்லை குறைவு.

அதனால்தான் லைன் உள்ள பிள்ளைக்கு விரலைத் திறந்தே வைத்திருப்போம். மணிக்கு மணி நிறம், சூடு, நாடி எழுதுவோம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அந்த நாளில் வேலை பார்த்த இடத்தில், குளிர்கிறதே என்று ஒரு பிள்ளையின் காலைப் போர்வைக்குள் மூடிவிட்டு இரண்டு மணி நேரம் பார்க்காமல் இருந்தேன். சுண்டுவிரல் நுனி போயிற்று. பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. எனக்கு இன்றைக்கும் மூடிய காலைக் கண்டால் கை தானாகப் போர்வையை விலக்கும்.

பக்கத்தில் இருக்கும் அம்மாவுக்கும் இதையே சொல்வேன். விரல் நிறம் மாறினால் ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே கூப்பிடுங்கள். வெளுத்துப்போனால் இன்னும் வேகமாக. நீலம் என்றால் ரத்தம் மெல்லவாவது போகிறது, வெள்ளை என்றால் வரவே இல்லை.

"கெட்டது இடது கால். நீங்க வலது காலுக்குச் சூடு சுத்தி வச்சிருக்கீங்க. மாத்திப் பண்ணிட்டீங்களோ?"

இல்லை, வேண்டுமென்றேதான். ஒரு காலைச் சூடாக்கினால் நரம்பு வழியாகத் தகவல் போய் அடுத்த காலின் தமனியும் விரியும். கெட்ட காலை ஏன் நேராகச் சூடாக்கக் கூடாது என்பதை ஒத்தடக் கேள்வியில் சொல்லிவிட்டேன். தொப்புள் குழாயால் விரல் லேசாக நீலமானால் பல நேரம் இது ஒன்றே போதும். சுமார் அரை மணி நேரத்தில் நிறம் திரும்பாவிட்டாலோ, கால் வெளுத்துவிட்டாலோ குழாயை எடுத்துவிடுவார்கள்.

கெட்ட காலைத் தலையணை வைத்துத் தூக்கவும் மாட்டோம். மேட்டுக்குத் தண்ணீர் ஏறாது. படுக்கை மட்டத்திலேயே கிடக்கட்டும். ஐ.வி. நீர் கசிந்து வீங்கின கையைத்தான் தூக்கி வைப்போம், அது வேறு கதை.

"என் மாமனாருக்கு நெஞ்சுவலிக்குக் கொடுக்குற மருந்தாம். அதைப் போய்ப் பிள்ளை காலுல தடவுறாங்களே?"

அதே நைட்ரோகிளிசரின்தான், இரண்டு சதவீதக் களிம்பாக. இதயத் தமனியை விரிக்கும் மருந்து கால் தமனியையும் விரிக்கும். மெல்லிசாகத் தடவினாலும் பச்சைப்பிள்ளையின் தோல் வழியாக உடம்புக்குள் போய் ரத்த அழுத்தத்தை இறக்கிவிடலாம், அதனால் பக்கத்திலேயே நின்று பிபி பார்ப்போம். ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும் ஆபத்தும் உண்டு. தடவுபவர் கையுறை போடாவிட்டால் அவருக்குத் தலைவலி வரும். எனக்கு வந்திருக்கிறது.

"பிபியை ஏத்துற மருந்துதான் விரலைக் கறுக்க வைக்குதுன்னு யூடியூப்ல சொல்றாங்க. அதை நிறுத்துங்க டாக்டர்னு சொல்லலாமா?"

இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு அதிக நேரம் பிடிக்கும். யூடியூப்காரர் சொன்னது பொய் இல்லை. நார்அட்ரினலின், அட்ரினலின், வாசோப்ரெசின், அதிக அளவில் டோபமைன் எல்லாம் சின்னத் தமனிகளைச் சுருக்குபவை. சுருக்குவதால்தான் அழுத்தம் ஏறுகிறது, அதனால்தான் மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போகிறது. முதல் பதிலில் சொன்ன கடைமடைக் கதையை இந்த மருந்து இன்னும் அழுத்தமாகச் செய்கிறது. அதை நிறுத்தினால் விரல் சிவக்கும் முன்பு பிள்ளை போய்விடலாம்.

அதற்காக விரலைக் கைகழுவி விடுவதில்லை. இதயம் சுருங்கித் தள்ளும் வேலை குறைந்திருக்கிறதா, ரத்தக்குழாய்தான் தளர்ந்திருக்கிறதா என்று எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். நீர் போதவில்லை என்றால் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லியாகக் கொடுத்து, ஈரல் வீங்குகிறதா, நெஞ்சில் நீர் கோக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பார்கள். இதயம் சோர்ந்து, கை கால் சில்லிட்டு, அழுத்தம் ஓரளவு நிற்கிற பிள்ளைக்கு மில்ரினோன் மாதிரி இதயத்தைத் தூக்கிவிட்டுக் குழாயையும் விரிக்கும் மருந்தைச் சேர்க்கலாம். அழுத்தம் நின்றதும் சுருக்கும் மருந்தை நாளைக்கு என்று விடாமல் படிப்படியாகக் குறைப்பார்கள். "நிறுத்துங்க" என்று சொல்லாதீர்கள். "இன்னைக்குக் குறைக்க முடியுமா?" என்று தினமும் கேளுங்கள். எந்த நல்ல டாக்டரும் அதற்குக் கோபப்பட மாட்டார்.

அப்புறம் ஒன்று. அந்தச் சுருக்கும் மருந்து கைச் சிரையில் குத்தியிருக்கும் வென்ஃப்ளான் ஊசிக்குழாய் வழியாகப் போகும்போது சிரையை விட்டு வெளியே கசிந்தால் அந்த இடம் சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும். பார்த்த உடனே சொல்லுங்கள். மருந்தை வேறு இடத்துக்கு மாற்றி, ஃபென்டோலமைன் என்ற முறிவு மருந்தைச் சுற்றிலும் தோலுக்கடியில் போடுவார்கள். 12 மணி நேரத்துக்குள் போட வேண்டும், முந்தினால் முந்தின அளவுக்கு நல்லது.

"சாச்சுரேஷன் மெஷின் 70 காட்டுது, அப்புறம் ஒன்னுமே காட்டல. மூச்சு நின்னுருச்சா?"

பிள்ளையின் நெஞ்சைப் பாருங்கள், மூச்சு ஓடுகிறதா என்று. ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று விரல் துடிப்பை வைத்துக் காட்டும் மெஷின் அது, சில்லிட்ட விரலில் துடிப்பு இல்லாததால் தடுமாறும். காது மடலுக்கு மாற்றினால் சரியாகக் காட்டும். ஆனால் நேற்று வரை அதே விரலில் காட்டியது இன்று காட்டவில்லை என்றால், அதுவும் விரலைப் பற்றிய தகவல்தான். அலாரத்தை அமுக்கிவிட்டுப் போகக் கூடாது.

"ரத்தம் கட்டியிருக்குன்னு ஸ்கேன்ல தெரிஞ்சிருச்சே. கரைக்கிற ஊசியை உடனே போட வேண்டியதுதானே?"

கரைக்கிற ஊசி வேறு, உறையாமல் பார்க்கிற ஊசி வேறு. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் அடைப்பு தெரிந்தால் முதலில் குழாயை எடுத்து, ஹெப்பாரின் தொடங்குவதுதான் வழக்கம். ஹெப்பாரின் கட்டியைக் கரைக்காது. மேற்கொண்டு வளராமல் நிறுத்தும், உடம்பு தானாகக் கரைத்துக்கொள்ளும். சொட்டுச் சொட்டாகச் சிரையில் போகலாம், அல்லது எனாக்ஸபரின் என்று தோலுக்கடியில் நாளைக்கு இரண்டு முறை. இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்குக் கிலோவுக்கு 1.5 மில்லிகிராம், பெரிய பிள்ளைக்கு 1 மில்லிகிராம் என்று தொடங்குவார்கள். சின்னப் பிள்ளைக்கு அதிகமா என்று பதறாதீர்கள், அந்த வயதில் மருந்து பிடிப்பதே அப்படித்தான்.

டி.பி.ஏ. என்பதுதான் நிஜமாகவே கரைப்பது. காலே போய்விடும் என்ற நிலையில் தருவார்கள். அது கால் கட்டியை மட்டும் தேடிப் போய்க் கரைக்காது. குறைமாதப் பிள்ளைக்கு மூளையில் ரத்தக்கசிவு வந்துவிடலாம் என்பதால், முதலில் உச்சிக்குழி வழியாகத் தலை ஸ்கேன் பார்ப்பார்கள். அண்மையில் ஆபரேஷன் ஆன பிள்ளைக்குத் தர மாட்டார்கள். அதுவும் முடியாவிட்டால் ரத்தநாள அறுவை டாக்டர் தமனியைத் திறந்து கட்டியை எடுக்கலாம், ஆனால் நூலளவுத் தமனியில் தையல் போடுவது எல்லா இடத்திலும் நடக்கிற காரியம் அல்ல. வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம் என்றால் தட்டிக்கழிப்பதாக நினைக்க வேண்டாம்.

"வீங்குன கையை நீளமாக் கீறி, தைக்காமலேயே விட்டிருக்காங்க. ஏன்?"

தோலும் தசையுறையும் இறுகின பை மாதிரி. உள்ளே வீக்கம் கூடினால் பை விரியாது, ரத்தக்குழாய்தான் நசுங்கும். கசிந்த டிரிப்ஸ், எலும்புக்குள் போட்ட ஊசி, பாம்புக்கடிக்கு இறுக்கிக் கட்டின கயிறு, இப்படிக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். தசை தாங்குவது ஏறத்தாழ ஆறு மணி நேரம். அதனால் பையைத் திறந்துவிடுகிறார்கள். பார்க்கக் கொடூரமாக இருந்தாலும் கையைக் காப்பாற்றுவது அந்தக் கீறல்தான். வீக்கம் வடிந்ததும் மூடுவார்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், அசையாமல் தூக்கிக்கொண்டு வாருங்கள்.

"காய்ச்சலோட உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி, இப்ப விரல் நுனியும் காது நுனியும் கறுக்குது. அம்மை போட்டிருக்கோ?"

அம்மை என்று வீட்டிலேயே வேப்பிலைப் படுக்கையில் வைத்துத் தாமதித்தவர்கள் உண்டு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் புள்ளி இருந்து, நாயோ ஆடோ புழங்கும் வீடாக இருந்தால் எங்களுக்கு முதலில் தோன்றுவது உண்ணிக் காய்ச்சல். நம் ஊரில் அந்தப் பெயரால் இரண்டைச் சொல்கிறார்கள். சிகரெட் சுட்ட மாதிரிக் கருப்புத் தழும்பு விடுவது ஸ்க்ரப் டைஃபஸ். நிஜமான உண்ணி கடித்து வருவது புள்ளிக் காய்ச்சல், விரல் நுனியைக் கறுக்க வைப்பது பெரும்பாலும் இதுதான். இரண்டுக்கும் மருந்து டாக்ஸிசைக்ளின். பல் கறுத்துவிடும் என்று மருந்துக்கடையில் பயமுறுத்துவார்கள். சில நாள் கொடுப்பதால் அப்படி ஆவதில்லை. சந்தேகம் வந்த அன்றே தொடங்க வேண்டிய மருந்து இது, ரிசல்ட்டுக்குக் காத்திருந்தால் விரலோடு பிள்ளையும் போகும்.

செந்தேள் கொட்டினாலும் பிள்ளை வேர்த்து வழிந்து கை கால் பனிக்கட்டியாகிவிடும். அங்கே குழாயைச் சுருக்குவது விஷம் கிளப்பிவிட்ட உடம்பின் சொந்தச் சுரப்பு. அதனால் மருந்து நேர்மாறு: குழாயை விரிக்கும் பிரசோசின். மகாராஷ்டிராவில் மகாட் என்ற சிற்றூரில் இருந்துகொண்டு டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் 1980-களில் நிலைநாட்டிய வைத்தியம் இது. விலை மலிவான மாத்திரை.

"பொறந்த மூணாம் நாளே தோல்ல கருப்புத் திட்டு. சொந்தத்துல கட்டுனதாலன்னு பேசுறாங்க. நிஜமா?"

மேலே சொன்ன எந்தக் காரணத்துக்கும் சொந்தத் திருமணத்துக்கும் சம்பந்தமில்லை. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் உண்டு. ரத்தம் உறைவதை அடக்கும் புரோட்டீன் சி என்ற பொருள் பிறவியிலேயே அறவே இல்லாத நோய். அப்பா, அம்மா இரண்டு பேரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் வரும், தாய்மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டின குடும்பத்தில் அதற்கு வாய்ப்புக் கூடும். மிக அபூர்வம். உடனே பிளாஸ்மா ஏற்றத் தொடங்குவார்கள், நாளைக்கு இரண்டு மூன்று முறை கூட. அடுத்த பிள்ளைக்கு முன்பு மரபணு ஆலோசனை கட்டாயம். ஆனால் அந்தத் தாயைப் பெஞ்சில் வைத்துக் குறை சொல்வதை மட்டும் என்னால் பொறுக்க முடியாது. கல்யாணத்தை முடிவு செய்தது பெரியவர்கள்.

"விரல் கரியாட்டம் ஆயிருச்சு. இன்னும் ஏன் எடுக்காம வச்சிருக்காங்க? விஷம் ஏறிராதா?"

காய்ந்து, நாற்றமில்லாமல், சீழ் இல்லாமல் கறுத்திருந்தால் அவசரம் இல்லை. எது செத்தது, எது பிழைக்கும் என்று உடம்பே ஒரு கோடு போடும். அதற்குச் சில வாரம் ஆகும். முதல் வாரம் கணுக்கால் வரை போய்விடும் என்று நினைத்த காலில் கடைசியில் இரண்டு விரல் நுனி மட்டும் உதிர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். பச்சைப்பிள்ளையின் சதைக்கு அந்த வலு உண்டு. அவசரப்பட்டு வெட்டினால் பிழைத்திருக்கக்கூடிய இடமும் சேர்ந்து போகும். ஈரமாகி நாறினாலோ, பிள்ளைக்கு மறுபடி காய்ச்சல் ஏறினாலோ பேச்சு மாறும், அப்போது எடுத்தே ஆக வேண்டும்.

எடுக்க நேர்ந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு எழுதிப் போடுங்கள். வளரும் பிள்ளைக்குச் செயற்கைக் காலை அடிக்கடி மாற்ற வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் சேர்க்கும் அன்றே காட்டிவிடுங்கள்.

"கால் சிவந்துருச்சு, வீட்டுக்குப் போகலாம்னு சொல்லிட்டாங்க. இனிப் பயம் இல்லதானே?"

பெரும்பாலும் இல்லை. ஆனால் தொடைத் தமனி அடைத்திருந்தால், பக்கத்துச் சின்னக் கிளைகள் வழியாக ரத்தம் போய்க் கால் சிவப்பாகத்தான் தெரியும். பிள்ளை தவழும், நடக்கும். வளர்வதற்கு அந்த வரத்துப் போதாமல் இரண்டு மூன்று வருடம் கழித்து அந்தக் கால் ஒரு சென்டிமீட்டர் குட்டையாக நிற்கலாம், ஓடினால் கெண்டைக்கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிடலாம். டிஸ்சார்ஜ் அட்டையில் எந்தக் காலில் லைன் இருந்தது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் அதைக் காட்டி இரண்டு காலையும் அளக்கச் சொல்லுங்கள். வீட்டில் ஒரு செருப்பு மட்டும் சீக்கிரம் தேய்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.